வலிமையே மருந்து

நுழையும்முன்

விளையாட்டில் காயம்பட்டவரிடம் நாம் முதலில் கூறுவது, 'ஓய்வெடு' என்பதே. காயம் நேர்ந்த தொடக்க நாள்களுக்கு அது பொருத்தமான அறிவுரை. ஆனால், ஓய்வு மட்டுமே காயத்தைக் குணப்படுத்திவிடுமா? வலி அடங்கியதும் உறுப்பு பழைய வலிமையைத் தானே பெற்றுவிடுமா? கால்பந்து வீரர்களை நெடுநாள் வருத்துகின்ற தொடையிடுக்குக் காயத்தை முன்வைத்து விளையாட்டு மருத்துவம் இவ்வினாக்களை ஆராய்ந்தது. அதற்குக் கிடைத்த விடையையும், அவ்விடையிலிருந்து உருவான பயிற்சி முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

களத்தில் ஒரு கணம்

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கின்றன. வலப்பக்க ஓரத்தில் பந்தை உருட்டிக்கொண்டு விரையும் வீரர், எதிரணியினரை ஏமாற்றச் சட்டெனத் திசையை மாற்றுகிறார். ஊன்றிய கால் ஒருபுறம் நிற்க, உடல் மறுபுறம் திரும்புகிறது. அக்கணத்தில் தொடையும் வயிறும் கூடும் இடத்தில் சுருக்கென்று ஒரு வலி. யாரும் அவரை இடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஆயினும் அவர் தொடையைப் பற்றிக்கொண்டு தரையில் அமர்ந்துவிடுகிறார்.

இதைவிடக் கவனத்துக்குரியது மற்றொரு காட்சி. அதில் எந்தக் கணத்திலும் திடீர் வலி தோன்றுவதில்லை. பயிற்சி முடிந்த மறுநாள் காலையில் உள்தொடையில் ஓர் இறுக்கம். ஓடத் தொடங்கியதும் அது மறைந்துவிடுகிறது. சில வாரங்களில் பந்தை உதைக்கும்போதெல்லாம் வலிக்கிறது. அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தால் வீரர் அதை வெளியில் சொல்வதில்லை. வலியோடே ஆடுகிறார். வாரங்கள் மாதங்களாகின்றன. ஒரு பருவம் முழுவதும் வீணாகிறது.

இவ்விரண்டும் அரிதானவை அல்ல. ஐரோப்பாவின் முன்னணித் தொழில்முறைக் கால்பந்துக் கழகங்களை ஏழு பருவங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2009ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பருவத்தில் வீரர்களுக்கு நேரும் காயங்களுள் 12 முதல் 16 விழுக்காடு வரை இடுப்பு, தொடையிடுக்குப் பகுதிகளில் நேர்ந்தவை என்று அது காட்டியது. அவற்றுள்ளும் பாதிக்கு மேற்பட்டவை உள்தொடைத் தசைகளைச் சார்ந்தவை.

தசைகளின் அமைப்பும் பணியும்

தொடையின் உட்புறத்தில் ஐந்து தசைகள் அமைந்துள்ளன. இடுப்பெலும்பின் முன்பகுதியான பூப்பெலும்பிலும் அதனை ஒட்டிய பகுதியிலும் இவை தொடங்குகின்றன. நான்கு தசைகள் தொடை எலும்பின் பின்புறத்தில் சென்று இணைகின்றன. ஒன்று மட்டும் முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்பைப் பற்றுகிறது. விலகிய காலை உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுப்பது இவற்றின் முதன்மைப் பணி. இவற்றை 'அடக்டர்' தசைகள் என்று மருத்துவர்கள் அழைப்பர். இக்கட்டுரையில் உள்தொடைத் தசைகள் என்றே குறிப்பிடுவோம். இவற்றுள் 'அடக்டர் லாங்கஸ்' எனப்படும் தசையே மிகுதியாகக் காயமடைகிறது. தொடையில் அகன்று விரிந்திருக்கும் இத்தசை, பூப்பெலும்பை நெருங்கும்போது குறுகிச் சிறிய இடத்தில் வந்து பற்றிக்கொள்கிறது. ஆதலால் தசையின் இழுவிசை அச்சிறிய இடத்தில் குவிகிறது.

காலை உள்நோக்கி இழுப்பது எளிய செயலாகத் தோன்றலாம். கால்பந்தில் இத்தசைகள் ஆற்றும் பணியோ பெரிது. பந்தை வலிமையாக உதைக்க ஒருவர் காலைப் பின்னுக்குக் கொண்டுசெல்கிறார். அப்போது உள்தொடைத் தசைகள் நீட்டப்படுகின்றன. நீண்டுகொண்டிருக்கும்போதே அவை விசைகொண்டு, பின்னால் செல்லும் காலைத் தடுத்து நிறுத்தி, முன்னோக்கி வீசத் துணைபுரிகின்றன. ஊன்றிய காலின் தசைகள், உடல் ஒருபக்கம் சாயாமல் இடுப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன. விரைந்து திரும்பும்போதும், எட்டாத பந்துக்குக் காலை நீட்டும்போதும், துள்ளி எழும்போதும் இதே பணியை வெவ்வேறு வகையில் இவை செய்கின்றன. உள்தொடைத் தசைகளில் திடீர்க் காயம் நேரும் செயல்களும் இவையே.

பூப்பெலும்பைக் கீழிருந்து தொடைத் தசைகள் இழுக்கின்றன. மேலிருந்து வயிற்றுத் தசைகள் இழுக்கின்றன. வடம் இழுக்கும் போட்டியில் இருபுறமும் வலிமை ஒத்திருந்தால் கயிற்றின் நடுப்பகுதி அசையாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். பூப்பெலும்பின் நிலையும் அத்தகையதே. ஒருபுறம் தளர்ந்தால் மறுபுறத்தின் சுமை கூடுகிறது. தொடையிடுக்குக் காயத்துக்கான மறுவாழ்வுப் பயிற்சியில் தொடையோடு வயிறும் முதுகும் இடம்பெறுவதற்குக் காரணம் இதுவே.

வலியின் இருப்பிடம் அறிதல்

தொடையிடுக்கில் எழும் வலிகள் அனைத்தும் ஒரே காயத்தைக் குறிப்பன அல்ல. நெடுங்காலம் ஒரே நிலையை மருத்துவர்கள் பல பெயர்களால் அழைத்தனர். ஒரே பெயரால் பல நிலைகளையும் சுட்டினர். இக்குழப்பத்தைத் தீர்க்க 2014ஆம் ஆண்டு நவம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் கூடினர். விளையாட்டு வீரர்களின் தொடையிடுக்கு வலியை, உள்தொடைத் தசை சார்ந்தது, இடுப்பை மடக்கும் தசை சார்ந்தது, அடிவயிற்றின் கவட்டுக் கால்வாய் சார்ந்தது, பூப்பெலும்பு சார்ந்தது என நான்காக வகுத்தனர். இடுப்பு மூட்டிலிருந்து எழும் வலியையும், பிற நோய்களால் எழும் வலியையும் தனித்தனியே வைத்தனர். எந்த இடத்தை அழுத்தினால் வலிக்கிறது, எத்தசையை எதிர்விசைக்கு எதிராக இயக்கினால் வலிக்கிறது என்பவற்றைக் கொண்டே இவ்வகைகள் பிரித்தறியப்படுகின்றன.

இக்கட்டுரை விளக்கும் பயிற்சிகள் முதல் வகையான உள்தொடைத் தசைக் காயத்துக்கு உரியவை. ஆகவே, பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ காட்டி வலியின் வகையை அறிந்துகொள்ள வேண்டும். மாணவப் பருவத்தினர் இதில் கூடுதல் கவனம் கொள்ளுதல் வேண்டும். வளரும் பருவத்தில் தசைநாண் எலும்பைப் பற்றும் இடம் முழுமையாக இறுகியிருக்காது. அங்கு எலும்பே காயமுறலாம். கால் ஊன்ற இயலாமை, தொடையிடுக்கில் புடைப்பு, காய்ச்சலுடன் கூடிய வலி, விரைப்பகுதியில் திடீரென எழும் கடும் வலி ஆகியன இருப்பின் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவற்றைக் கூற நாணுதல் கூடாது.

ஓய்வா, உழைப்பா?

தொடையிடுக்கு வலி நீடித்தால் ஓய்வு, உடல்பிடித்தல், வெப்பம், மின்தூண்டல் முதலியவற்றால் அதைத் தணிக்கலாம் என்று நம்பப்பட்ட காலம் உண்டு. இம்முறைகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. நோயாளி படுத்திருப்பார், பிறர் அவருக்கு ஏதேனும் செய்வர். டென்மார்க்கைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் பேர் ஹோல்மிக், இதற்கு மாறான ஒரு வழியை ஆராய்ந்தார். வலிக்கும் தசைக்கு அளவறிந்து வேலை கொடுத்தால் என்ன நேரும் என்பதே அவரும் அவருடைய குழுவினரும் எழுப்பிய வினா.

நெடுநாளாக உள்தொடைத் தசை வலியால் துன்புற்ற 68 ஆண் விளையாட்டு வீரர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு லேசர் ஒளி, உடல்பிடித்தல், தசையை நீட்டுதல், தோல்வழி மின்தூண்டல் ஆகிய சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. மற்றொரு குழுவுக்குத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளும், உடற்சமநிலைப் பயிற்சிகளும் கற்பிக்கப்பட்டன. 8 முதல் 12 வாரங்கள் வரை இவை தொடர்ந்தன.

ஆய்வின் முடிவு 1999ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இறுதிவரை நின்ற 59 பேரில், பயிற்சி பெற்றவர் 29 பேர். பிற சிகிச்சை பெற்றவர் 30 பேர். பயிற்சிக் குழுவில் 23 பேர் வலியின்றித் தம் பழைய ஆட்டத் திறனுக்குத் திரும்பினர். மற்றொரு குழுவில் அவ்வாறு திரும்பியவர் 4 பேர் மட்டுமே. இவ்வீரர்களைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் பயிற்சியின் பயன் நிலைத்திருந்தது தெரியவந்தது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? ஓய்வு வலியைத் தணிக்கிறது, தசையை வலுப்படுத்துவதில்லை. மாறாக, வேலையற்ற தசை நாளடைவில் மெலிகிறது. மெலிந்த தசையோடு களத்துக்குத் திரும்பும் வீரர், முன்பு காயம் உண்டாக்கிய அதே சுமையை முன்னிலும் குறைந்த வலிமையோடு எதிர்கொள்கிறார். காயம் மீண்டும் வருவதில் வியப்பில்லை. தசையும் தசைநாணும் தம்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் இயல்புடையவை. தாங்கக்கூடிய சுமையைத் தந்து, அதைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் அவை வலுப்பெறுகின்றன. மறுவாழ்வுப் பயிற்சியின் அடிப்படை இதுவே.

படிப்படியான பயிற்சிகள்

முதற்படி: பந்தை அழுத்துதல்

கடும் வலி தணிந்தபின் தொடங்கத்தக்க எளிய பயிற்சிக்கு வேண்டிய கருவி ஒரு கால்பந்து மட்டுமே. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றுக்கிடையில் பந்தை வைத்துக்கொள்ள வேண்டும். இரு முழங்கால்களாலும் பந்தை மெல்ல அழுத்தி, அந்நிலையிலேயே நிறுத்த வேண்டும். பின்னர்க் கால்களை நீட்டிப் பாதங்களுக்கிடையில் பந்தை வைத்து அவ்வாறே செய்ய வேண்டும். ஹோல்மிக்கின் திட்டத்தில் ஒவ்வோர் அழுத்தமும் 30 நொடி நீடித்தது. ஒவ்வொரு நிலையிலும் 10 முறை செய்யப்பட்டது.

இங்குத் தசை விசை கொள்கிறது. ஆனால், அதன் நீளம் மாறுவதில்லை. கால் அசையாததால் காயம்பட்ட பகுதி நீட்டப்படுவதுமில்லை. எவ்வளவு அழுத்துவது என்பது பயில்பவரின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. ஆதலால் தொடக்க நிலைக்கு இது பொருந்துகிறது. பந்து முழங்கால்களுக்கிடையில் இருப்பதைவிடப் பாதங்களுக்கிடையில் இருக்கும்போது நெம்புகோலின் நீளம் கூடுவதால் தொடையிடுக்கின் மீது விழும் சுமையும் கூடுகிறது.

இப்படியிலேயே வயிற்றுத் தசைப் பயிற்சிகளும் சேர்க்கப்படுகின்றன. நேராக எழுதல், பக்கவாட்டில் திரும்பி எழுதல், முழங்கால்களுக்கிடையில் பந்தைப் பற்றியவாறு உடலையும் கால்களையும் ஒருசேர மடக்குதல் ஆகியன அவை. அசையும் பலகையின்மீது நின்று சமநிலை காக்கும் பயிற்சியும் உண்டு.

இரண்டாம் படி: காலின் எடையே சுமை

ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின், தசை நீண்டு சுருங்கும் இயக்கப் பயிற்சிகள் தொடங்குகின்றன. ஒருக்களித்துப் படுத்து, மேற்காலை மடக்கி முன்னால் ஊன்றி, கீழ்க்காலை நேராக வைத்துத் தரையிலிருந்து மெல்ல உயர்த்தி இறக்க வேண்டும். உயர்த்தும்போது உள்தொடைத் தசை சுருங்குகிறது, இறக்கும்போது நீள்கிறது. மேற்காலை உயர்த்தி இறக்கினால் தொடையின் புறத்தசைகள் வலுப்பெறும். இவை 10 முறை கொண்ட 5 சுற்றுகளாகச் செய்யப்பட்டன. குப்புறப் படுத்து முதுகை உயர்த்துதல், ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடக்கி நீட்டியவாறு கைகளை வீசுதல் ஆகிய பயிற்சிகளும் இப்படியில் சேர்ந்தன.

மூன்றாம் படி: ரப்பர் பட்டை

மீள்தன்மை கொண்ட ரப்பர் பட்டையின் ஒரு முனையை உறுதியான கம்பத்தில் கட்டி, மறுமுனையைக் கணுக்காலில் மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பத்துக்குப் பக்கவாட்டில் நின்று, காலை உடலின் நடுக்கோட்டை நோக்கி இழுத்து, பின்னர் மெதுவாகப் பழைய நிலைக்கு விட வேண்டும். இழுப்பதைவிட மெதுவாக விடுவதே இதில் முதன்மையானது.

கிணற்றில் வாளியை இறக்கும்போது நாம் கயிற்றைச் சட்டென விட்டுவிடுவதில்லை. கையில் பற்றியவாறே சிறிது சிறிதாக நழுவவிடுகிறோம். கயிறு நீள்கிறது, ஆனால், வாளியின் எடை முழுவதும் நம் பிடியில் இருக்கிறது. தசையும் அவ்வாறே நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் ஆற்றல் உடையது. உதைக்கும்போதும் திரும்பும்போதும் உள்தொடைத் தசைக்கு வேண்டியது இவ்வாற்றலே. காயம் நேர்வதும் பெரும்பாலும் இந்நிலையில்தான். ஆதலால் அவ்வாற்றலையே பயிற்சியில் வளர்க்க வேண்டியுள்ளது. கால்பந்து வீரர்கள் எட்டு வாரம் ரப்பர் பட்டையால் இவ்வாறு பயின்றபோது, நீண்டு தாங்கும் வலிமை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதாக 2014ஆம் ஆண்டு வெளியான டென்மார்க்கு ஆய்வொன்று கூறுகிறது.

நான்காம் படி: கோபன்ஹேகன் பயிற்சி

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனின் பெயரால் வழங்கும் இப்பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தோழர் வேண்டும். பயில்பவர் ஒருக்களித்துப் படுத்து, முன்கையை ஊன்றிக்கொள்கிறார். தோழர் அவருடைய மேற்காலைத் தம் இடுப்பின் உயரத்தில் பிடித்துக்கொள்கிறார். ஒரு கை முழங்காலையும் மற்றொரு கை கணுக்காலையும் தாங்குகிறது. பயில்பவர் மேற்காலைத் தோழரின் கைகளில் அழுத்தி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தி, உடலை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருகிறார். அதே நேரத்தில் கீழ்க்காலையும் உயர்த்தி மேற்காலோடு சேர்க்கிறார். பின்னர் மெதுவாக இறங்குகிறார். உயர்வதற்கு 3 நொடி. இறங்குவதற்கு 3 நொடி. ஒருபக்கம் முடிந்ததும் மறுபக்கம்.

உள்தொடைத் தசைகளுக்கான எட்டுப் பயிற்சிகளை 40 கால்பந்து வீரர்களிடம் ஒப்பிட்டுத் தசைகளின் மின்செயற்பாட்டை அளந்தனர் டென்மார்க்கு ஆய்வாளர்கள். பயிற்சிக்குப் பயிற்சி பெரும் வேறுபாடு காணப்பட்டது. தசையை மிகுதியாக வேலை வாங்கியவற்றுள் கோபன்ஹேகன் பயிற்சியும், பந்தை அழுத்தும் எளிய பயிற்சியும் இடம்பெற்றன. விலையுயர்ந்த எந்திரம் இல்லாத ஊர்த்திடலிலும் இவற்றைச் செய்ய முடியும் என்பது குறிப்பிடத்தக்கது.

கோபன்ஹேகன் பயிற்சி கடுமையானது. காயம்பட்டவர் இதிலிருந்து தொடங்குதல் தவறு. முந்தைய படிகளை வலியின்றிக் கடந்தவரும் முதலில் எளிய வடிவத்தைப் பயில வேண்டும். அதில் தோழர் கணுக்காலைப் பிடிக்காமல் முழங்காலை மட்டும் தாங்குவார். நெம்புகோல் குறுகுவதால் சுமையும் குறையும்.

தெரியுமா?

அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தொடையின் உட்புறத் தசைகளின் வலிமையும் புறத்தசைகளின் வலிமையும் ஒப்பிடப்பட்டன. உட்புறத் தசைகளின் வலிமை புறத்தசைகளின் வலிமையில் 80 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த வீரர்களுக்கு, உள்தொடைத் தசைக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 17 மடங்கு மிகுதியாக இருந்தது. காயம் வருமுன்பே வலிமைக் குறைவைக் கண்டறிய முடியும் என்பதை இது உணர்த்தியது.

வலி கூறும் செய்தி

பயிற்சியின்போது வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா? வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர வேண்டுமா? இரண்டில் எதுவும் முழு விடையன்று. வலியை அளந்து முடிவெடுக்க வேண்டும். வலியே இல்லாத நிலையைச் சுழியம் என்றும், தாங்கவியலாத வலியைப் 10 என்றும் கொண்டு, தம் வலிக்குப் பயில்பவர் ஓர் எண்ணைத் தருகிறார்.

இவ்வளவையைக் கொண்டு கோபன்ஹேகன் மருத்துவர்கள் ஓர் எளிய சோதனையை வகுத்துள்ளனர். வீரர் கால்களை நீட்டி மல்லாந்து படுக்கிறார். சோதிப்பவர் தம் முன்கையை அவருடைய கணுக்கால்களுக்கிடையில் வைக்கிறார். வீரர் 5 நொடிகள் தம்மால் இயன்றவரை அதை அழுத்துகிறார். அப்போது எழும் வலிக்கு அவர் கூறும் எண், சாலைச் சந்திப்பிலுள்ள விளக்கைப் போல வழிகாட்டுகிறது. 0 முதல் 2 வரை பச்சை: தொடரலாம். 3 முதல் 5 வரை மஞ்சள்: எச்சரிக்கையுடன் சுமையைக் குறைத்துத் தொடரலாம். 6 முதல் 10 வரை சிவப்பு: நிறுத்தி, இயன்முறை மருத்துவரைக் காண வேண்டும்.

மறுநாள் காலையில் கிடைக்கும் விடையும் இன்றியமையாதது. பயிற்சியின்போது தோன்றிய சிறு வலி மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் சுமை அளவோடு இருந்தது என்று பொருள். மறுநாள் வலி கூடியிருந்தால் ஒருபடி இறங்க வேண்டும். ஒருபடி இறங்குவது தோல்வியன்று. அடுத்த வாரம் இரண்டு படி ஏறுவதற்கு அதுவே வழி. இச்சோதனை பயன்தர வேண்டுமெனில் வீரர் உண்மையான எண்ணைக் கூற வேண்டும். ஆட்டத்தில் இடம்பெறும் ஆசையால் 6ஐ 2 என்று கூறுபவர், பயிற்சியாளரை ஏமாற்றுவதைவிடத் தம் தசையையே மிகுதியாக ஏமாற்றுகிறார்.

களத்துக்குத் திரும்புதல்

வலி மறைந்த நாளும் களத்துக்குத் திரும்பத் தகுந்த நாளும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையில் பல படிகள் உள்ளன. முதலில் விரைந்து நடத்தல். பின்னர் நேர்கோட்டில் மெதுவோட்டம். அடுத்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓடுதல். அதன்பின் வளைந்தோடுதலும், திடீரெனத் திசை மாற்றுதலும். பந்தைத் தொடுவதிலும் வரிசை உண்டு. பாதத்தின் உட்புறத்தால் அருகிலுள்ளவருக்குத் தள்ளுதல், தொலைவுக்கு அனுப்புதல், இறுதியில் முழு விசையோடு இலக்கை நோக்கி உதைத்தல் என அது வளர்கிறது. அணியோடு சேர்ந்து முழுப் பயிற்சியைப் பலமுறை வலியின்றி முடித்தபின்னரே போட்டியில் இறங்க வேண்டும்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்வதை நாள்காட்டி முடிவு செய்வதில்லை. உடலின் நிலையே முடிவு செய்கிறது. தசையைத் தொட்டு அழுத்தும்போதும், நீட்டும்போதும், எதிர்விசைக்கு எதிராக இயக்கும்போதும் வலி இருத்தல் கூடாது. காயம்பட்ட காலின் வலிமை மற்றக் காலின் வலிமையை எட்டியிருக்க வேண்டும். சிறு காயத்துக்குச் சில வாரங்கள் போதும். தசைநாண் எலும்பிலிருந்து பிரிந்த காயத்துக்கும், நெடுநாள் வலிக்கும் சில மாதங்கள் தேவைப்படலாம். ஹோல்மிக்கின் ஆய்வில் வெற்றிகண்டவர்களும் நான்கு மாதங்களுக்கு மேல் பொறுமை காத்தே களம் திரும்பினர்.

வருமுன் காத்தல்

காயம்பட்டவரைக் குணப்படுத்தும் பயிற்சி, காயம்படாதவரைக் காக்குமா? நார்வே நாட்டு ஆய்வாளர்கள் இவ்வினாவைக் கையிலெடுத்தனர். 35 அணிகளைச் சேர்ந்த 652 ஆண் கால்பந்து வீரர்கள் ஒரு பருவம் முழுவதும் கவனிக்கப்பட்டனர். குலுக்கலில் தேர்ந்த அணிகள், உடலைத் தயார்ப்படுத்தும் பயிற்சிகளோடு உள்தொடைத் தசைப் பயிற்சி ஒன்றையும் செய்தன. போட்டிப் பருவத்துக்கு முன் வாரம் மூன்று முறை. பருவத்தின்போது வாரம் ஒருமுறை. மற்ற அணிகள் வழக்கம்போல் பயின்றன.

அப்பயிற்சிக்கு மூன்று நிலைகள் இருந்தன. ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துவது முதல் நிலை. முழங்காலைத் தாங்கும் எளிய வடிவம் இரண்டாம் நிலை. முழுமையான கோபன்ஹேகன் பயிற்சி மூன்றாம் நிலை. தொடையிடுக்கில் வலி உணர்ந்தவர் ஒருநிலை இறங்கிக்கொள்ளலாம். 2019ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, பயிற்சி செய்த அணிகளில் எந்த வாரத்திலும் சராசரியாக 13.5 விழுக்காட்டினருக்குத் தொடையிடுக்குத் தொல்லை இருந்தது. செய்யாத அணிகளில் அது 21.3 விழுக்காடு. தொல்லைக்கான வாய்ப்பு 41 விழுக்காடு குறைந்தது. இதற்காக வீரர்கள் செலவிட்டது ஒரு நாளில் சில நிமிடங்களே.

எனினும், தொல்லை முற்றிலும் நீங்கிவிடவில்லை என்பதையும் இவ்வெண்கள் காட்டுகின்றன. உடற்பயிற்சி மந்திரமன்று. போதிய உறக்கம், தொடர் ஆட்டங்களுக்கிடையே இடைவெளி, விடுமுறைக்குப்பின் சுமையைத் திடீரெனக் கூட்டாமை ஆகியனவும் உடன் இருத்தல் வேண்டும். பயிற்சியை விட்டுவிட்டால் பெற்ற வலிமையும் மெல்லக் குறையும். ஆதலால் குணமடைந்த பின்னரும் வாரம் ஒருமுறையேனும் அதைத் தொடர்வது நல்லது.

முடிவாக

தொடையிடுக்குக் காயத்தின் வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. ஒன்று, காயம்பட்ட உறுப்பைத் தேவையான அளவுக்கு மேல் ஒதுக்கிவைப்பதும், அதன் வலியைப் பொருட்படுத்தாமல் உழைக்கச் செய்வதும் ஒரே வகைத் தவறுகள். அளவறிந்த உழைப்பே அதனை மீட்கிறது. மற்றொன்று, தனியாளாக மீள்வது கடினம். வலியின் வகையைக் கண்டறிய மருத்துவர் வேண்டும். படிகளை வகுக்க இயன்முறை மருத்துவர் வேண்டும். அவசரப்படுத்தாத பயிற்சியாளர் வேண்டும். கோபன்ஹேகன் பயிற்சியில் காலைத் தாங்கிப் பிடிக்க ஒரு தோழரும் வேண்டும். அடுத்த சுற்றில் அத்தோழர் படுப்பார். முன்பு பயின்றவர் அவருடைய காலைத் தாங்குவார்.

உங்கள் பள்ளித்திடலிலும் வலியை மறைத்துக்கொண்டு ஆடும் ஒருவர் இருக்கலாம். அவருக்கு 'ஓய்வெடு' என்று கூறி நகர்ந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் செல்லத் துணையாகுங்கள். பின்னர்ப் பந்தை எடுத்துக்கொண்டு அவரோடு திடலின் ஓரத்தில் அமருங்கள். அவர் மீண்டும் ஓடத் தொடங்கும் நாள் அங்கிருந்தே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் விளையாடும் விளையாட்டில் மிகுதியாக நேரும் காயம் எது? அக்காயத்தில் பாதிக்கப்படும் தசையின் பணியை உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'ஓய்வு வலியைத் தணிக்கிறது. தசையை வலுப்படுத்துவதில்லை' – இக்கூற்றைக் கட்டுரையில் உள்ள ஆய்வுகளின் துணைகொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.

3. வலியை மறைத்து ஆட விரும்பும் வீரருக்கும் அவருடைய நண்பருக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி நடித்துக் காட்டுக.